சர்பத்துக்குப் போன ஐஸ்

கருமத்தம்பட்டியில் ஒரு ஞானஸ்நான விருந்தன்று நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ரத்த மாதிரிகளுக்காக நாங்கள் கொண்டுபோன ஐஸ் முழுவதையும் சமையல்காரர் நன்னாரி சர்பத்தில் போட்டுவிட்டார்.
2. எங்கள் டாக்டர் விருந்தாளிகளை வரிசையில் நிற்க வைத்து எல்லோர் கண்ணிலும் சொட்டு மருந்து விட்டார்.
3. பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கு இலையில் இருப்பது கேசரியா ஊறுகாயா என்று தெரியவில்லை.
4. பங்குத்தந்தை ஜெபப் புத்தகத்தைக் கைக்கெட்டிய தூரம்வரை தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, மூடி வைத்து, மனப்பாடமாகவே ஆசீர்வதித்தார்.
5. வீட்டுப் பெரியவர் சாப்பிடாமல் தறிக்கூடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

இத்தனைக்கும் காரணமான மனிதரைப் போல ஒரு பிடிவாதக்காரர் கோயம்புத்தூர் ஜில்லாவில் இதுவரை பிறந்ததில்லை. இன்னொருவரை ஜில்லா தாங்கவும் தாங்காது. ஆஸ்பத்திரியில் அவருக்கு ‘ஐஸ்பெட்டி’ என்று பெயர். குழந்தைகளுக்குக் கண்ணில் வரும் கட்டிகளைப் பார்க்கும் டாக்டர். கட்டியை எடுப்பதோடு நிற்க மாட்டார். எந்த மரபணுவில் பிழை, ஒரு கட்டி ஏன் பாய்கிறது, இன்னொன்று ஏன் தானாகச் சுருங்கிவிடுகிறது என்று துருவிக்கொண்டே இருப்பார். பயோடெக்னாலஜி முடித்த கையோடு அவருடைய ஆய்வகத்தில் சேர்ந்தேன். மைக்ராஸ்கோப்பில் கட்டிகளைக் காட்டி, “இவன் அவசரக்காரன் அம்மணி, அவிநாசி ரோட்டு லாரியாட்டம். பக்கத்துல இருக்கறவன் சோம்பேறி” என்று சொந்தக்காரர்களை அறிமுகப்படுத்துவதுபோலச் சொல்வார்.

பஸ்ஸில், ரத்த மாதிரிகளைச் சுமக்கும் அவருடைய ஐஸ்பெட்டிக்கு ஜன்னலோர சீட்டும் தனி டிக்கெட்டும் உண்டு.

“பொட்டிக்கு எதுக்குங்க சார் டிக்கெட்டு? மடில வெச்சுக்கோங்க” என்பார் கண்டக்டர்.

“உள்ள ஒரு குடும்பமே உக்காந்திருக்குது. கிழிங்க.”

ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு இந்தக் குடும்பங்களைப் பிடிக்காது. “கண்ண எடுத்தாச்சு, கேஸ் முடிஞ்சுது. அப்புறம் மாமனாருக்கு எதுக்குங்க ரத்த டெஸ்ட்டு?” என்றார் மேனேஜர்.

“கட்டிக்கு மாமனாரத் தெரியுமுங்க. உங்களுக்குத்தான் தெரியல.”

அந்த மாமனார்தான் சூசை. கருமத்தம்பட்டியில் சொந்தமாக விசைத்தறி போட்டிருந்தவர். அவருடைய பேத்திக்குக் கண்மணி வெள்ளையாக மின்னி, கட்டி என்று தெரிந்து, ஒரு கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று. அடுத்ததாக வீட்டில் ஒரு பையன் பிறந்திருந்தான். அவனுக்கும் வரலாம், வெளியே தெரிவதற்குள் நேரம் போய்விடும், உடனே கொண்டுவந்து காட்டுங்கள் என்று டாக்டர் கெஞ்சினார்.

“எங்க ரத்தத்துல ஒரு பழுதும் இல்லீங்க” என்றார் சூசை. “கிரகணத்தப்போ வெளிய போவாதன்னு சொன்னேன், இவ கேக்கல. அதான் புள்ளைக்கு வந்துச்சு. பையன் எங்க சாயல், அவனுக்கு ஒண்ணும் வராது.”

‘இவ’ என்பது மருமகள் ஸ்டெல்லா. கண்ணை இழந்த மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள். அவளுடைய கணவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. குழந்தையின் கண் போனால் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே பழி சொல்ல ஒரு பெண்ணைத் தேடிப்பிடித்துவிடுகிறார்கள்.

பையனை அவர்கள் காட்ட வரவே இல்லை. அதனால்தான் அவனுடைய ஞானஸ்நானத்தன்று, அழைப்பில்லாமலே, பெட்டியோடு போய் இறங்கினோம். சொந்தம் மொத்தமும் ஒரே பந்தலில் கிடைக்கும், எல்லோரிடமும் ரத்தம் எடுத்துவிடலாம் என்பது அவருடைய கணக்கு. விருந்து வீட்டில் ஐஸ்பெட்டியைக் கண்டால் சமையல்காரர் என்ன செய்வார் என்று அவர் கணக்குப் போடவில்லை.

“நல்ல ஐஸுங்க. சர்பத்துக்குச் செரியா இருந்துச்சு” என்றார் சமையல்காரர், நன்றியோடு.

ஐஸ் இல்லாமல் ஒரு சொட்டு ரத்தம் எடுக்க மாட்டேன் என்று டாக்டர் குதித்தார். சட்டென்று நின்றார். பையிலிருந்து கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தை எடுத்தார்; விட்டால் சில மணி நேரத்துக்குக் கிட்டத்தில் இருப்பதெல்லாம் மங்கும். “இலவசக் கண் பரிசோதனை, வாங்க” என்று கூவினார். இலவசம் என்றதும் பங்குத்தந்தை முதல் பந்தல்காரர் வரை வரிசையில் நின்றார்கள். சூசையும் நின்றார். பையனை மட்டும் யாரும் தூக்கி வரவில்லை.

சூசையின் இடது கண்ணுக்குள் டாக்டர் விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அவரைத் தறிக்கூடத்துக்கு அழைத்துப் போனார். நானும் போனேன். விருந்துக்காகத் தறிகளை நிறுத்தியிருந்தார்கள். டாக்டர் குரலைத் தாழ்த்திப் பேசி அன்றுதான் கேட்டேன்.

“உங்க கண்ணுல ஒரு பழைய வடு இருக்குதுங்க. சின்ன வயசுல உங்களுக்கும் இதே கட்டி வந்து, தானா அடங்கியிருக்குது. அந்தப் பிழை உங்க மகன ஒண்ணும் பண்ணாம, பேத்திகிட்டப் போயிருக்கோணும். அவளுக்கு வந்தவன் அடங்கல.”

“அப்பொ... எங்கிட்ட இருந்துங்களா?”

“உங்க தப்பில்லீங்க. மருமக தப்புமில்ல. பையனக் காட்டுங்க, காப்பாத்திரலாம்.”

சூசை ஒரு தறியோரமாக உட்கார்ந்தார், பந்திக்கு எழுந்து வரவில்லை. நாங்கள் கிளம்பும்போதும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

பஸ்ஸில் நான் டாக்டரிடம் சண்டை போட்டேன். “ஸ்டெல்லாவ ஊரே பேசுச்சு. நீங்க பந்தல்ல வெச்சுச் சொல்லியிருக்க வேண்டாமா சார்?”

“நாஞ் சொன்னா சண்ட வரும் அம்மணி. சண்ட வந்தா பையன் வர மாட்டான்.”

அடுத்த திங்கட்கிழமை சூசை வந்தார். பின்னால் ஸ்டெல்லா, கையில் பையன். சூசையின் தோளில் ஒரு கோணிமூட்டை சொட்டிக்கொண்டிருந்தது. பிரித்தால், மரத்தூளுக்குள் பெரிய ஐஸ் பாளம்.

“உங்க ஐஸ எடுத்துப்போட்டாங்க. திருப்பித் தரோணுமில்லீங்க” என்றார். பிறகு நோயாளிகள் நிறைந்த கூடத்தைப் பார்த்துத் திரும்பினார். தறிச் சத்தத்தோடு பேசிப் பழகிய குரல் அவருக்கு. “ஏனுங்க, கேட்டுக்கோங்க. பேத்திக்கு வந்தது எங்கண்ணுல இருந்து வந்ததாமா. தெரியாம இந்தப் புள்ள மேல பழியப் போட்டுப்போட்டேன்.”

“மெதுவாங்க மாமா. பையன் முழிச்சுக்குவான்” என்றாள் ஸ்டெல்லா. ஆனால் அன்று அவள் தரையைப் பார்க்கவில்லை.

பையனின் வலது கண் ஓரத்தில் சின்னதாக ஒன்று ஆரம்பித்திருந்தது. அதைக் குளிரால் உறைய வைத்தே அழித்தார் ஐஸ்பெட்டி.

இப்போதைய நிலவரம்: பையன் பள்ளிக்கூடம் போகிறான். கடைசி பெஞ்சிலிருந்தே கரும்பலகை தெரிகிறது. பிறகு அந்தக் குடும்பம் ரத்தமும் கொடுத்தது; மரபணுவில் பிழை எந்த இடத்தில் என்று வெளியூர் ஆய்வகத்திலிருந்து இன்னும் பதில் வரவில்லை. மேனேஜருக்கு இன்னும் புரியவில்லை. டாக்டர் ஓய்வு பெற்றுப் பவானிக்குப் போய்விட்டார். பெட்டி என்னிடம் இருக்கிறது. பஸ்ஸில் கண்டக்டர்கள் சிரிக்கிறார்கள். நான் இரண்டு டிக்கெட் எடுத்து, ஜன்னலோரத்தை அதற்கே விட்டுவிடுகிறேன்.