எனக்கு வந்த அருளும் அதைக் கலைத்த மாயாண்டியும்

சிம்பாங் பூலாய்

சுங்காயில் சுகமாக வாழும் என் மச்சான் தர்மேந்திரனுக்கு, உன் அக்காள் புருஷன் காத்தமுத்து சொந்தக் கையால் எழுதுவது. ஆமாம், சொந்தக் கைதான்! எழுபத்திரண்டு வயதில் மருமகள் தினேஸ்வரி எனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்துவிட்டாள். இவ்வளவு எழுதுவதற்குள் காப்பி ஆறிவிட்டது. ஆறின காப்பியும் இனிக்கிறது. உன் வீட்டில் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும்.

நான் படிக்கக் கிளம்பியதே அடுத்த வீட்டு மாயாண்டியால்தான். என் மூளைக்கடியில் இருந்த கட்டிக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள் அல்லவா? கட்டி அடங்கியது. ஆனால் அங்கே இருந்த சுரப்பியும் வருஷக்கணக்கில் மெல்லக் கருகிவிட்டதாம். அது தோட்டத்துக் கங்காணி மாதிரி. காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, பேர் கூப்பிட்டு, வேலைக்கு அனுப்புவது அதுதான். கங்காணி போனதும் உடம்பில் மற்றச் சுரப்பிகளெல்லாம் படுத்துக்கொண்டன. அதற்குத்தான் தினமும் மாத்திரை. விட்டால் உயிருக்கே ஆபத்து. மாத்திரை உறையை உன் அக்காவுக்குப் படித்துக்காட்டுவது மாயாண்டி. அவசர ஊசி போடவும் கிளினிக்கில் கற்றுக்கொண்டான். "மாயாண்டி அண்ணே மாதிரி யாரு இருக்கா?" என்கிறாள் உன் அக்கா ராக்காயி. மீன் குழம்பில் நடுத்துண்டு அவனுக்கு, வால் எனக்கு. அவளைத் தங்கச்சி என்பதோடு விடாமல் என்னையும் மச்சான் என்கிறான். எனக்கு மச்சான் நீ ஒருவன்தானே?

ஒவ்வொரு தைப்பூசத்திலும் ஈப்போ கோயிலில் அவனுக்கு அருள் வரும். உன் அக்கா அவனிடம் விபூதி வாங்குவாள். எனக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. இந்த வருஷம் நானும் பால்குடம் எடுத்தேன். விரதம் என்றால் விரதம்தானே என்று மாத்திரையையும் நிறுத்தினேன். வெயிலில், உறுமி முழங்க, கண் இருண்டது, உடம்பு வெடவெடத்தது, விழுந்தேன். கூட்டம் சூழ்ந்துகொண்டு வேப்பிலை வீசியது. உன் அக்கா கைகூப்பி, "சாமி, யாரு வந்திருக்கீங்க?" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் அவ்வளவு பணிவாகப் பேசியதில்லை, மச்சான்! என்ன பதில் சொல்லலாம் என்று யோசிப்பதற்குள் மாயாண்டி தன் அருளைக்கூட விட்டுவிட்டுக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"தள்ளுங்கலா! சாமியும் இல்ல, பூதமும் இல்ல. இந்த ஆளு மாத்திரை போடல!"

தொடையில் ஊசியைக் குத்தினான். என் அருள் அத்தோடு போயிற்று. "அண்ணே இல்லாட்டி இந்த மனுஷன் போய்ச் சேர்ந்திருப்பாரு," என்று அழுதாள் உன் அக்கா. அன்று முதல் மீன் தலையும் அவனுக்கே.

இனி அவன் தயவு எனக்கு வேண்டாம். நேற்றிலிருந்து லேசாகக் காய்ச்சல். காய்ச்சல் வந்தால் எத்தனை மாத்திரை கூட்டிப் போட வேண்டும் என்று உறையிலேயே எழுதியிருக்கிறதாம். உன் அக்கா மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறாள். இதை முடித்துவிட்டு நானே படித்துக்கொள்வேன். நீ அவளிடம் பேசி, அவன் இங்கே வருவதை நிறுத்து.

உன் பிள்ளைகளுக்கு முருகன் நல்ல உடம்பையும் நல்ல அண்டை வீட்டாரையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
காத்தமுத்து

பின்குறிப்பு: எழுந்து உட்கார முடியாததால் இதை நான் சொல்லச் சொல்ல மாயாண்டி எழுதுகிறார். உறையில் இருப்பது மலாய். எனக்குத் தெரிந்தது தமிழ். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாந்தி எடுத்துச் சாய்ந்துவிட்டேன். சத்தம் கேட்டு ஓடிவந்து ஊசி போட்டார். இப்போது காரில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறோம். மேலே உள்ளதை எல்லாம் அவர் படித்துவிட்டார். "மச்சான், கையெழுத்து அழகாத்தான் இருக்குலா," என்றார். நீ அக்காவிடம் ஒன்றும் பேச வேண்டாம். எனக்கு மச்சான் இரண்டு பேர்.