சட்டப்படி அண்ணாச்சியும் ஐந்தருவிச் சாரலும்

சட்டத்துக்குப் பயப்படுகிற கன்ட்ராக்டர்களைப் பார்த்திருக்கிறேன். சட்டத்தின் கண்ணில் மண்ணைத் தூவுகிற கன்ட்ராக்டர்களை அதைவிட நிறையப் பார்த்திருக்கிறேன். சட்டத்தின் மேல் ஆசை வைத்த கன்ட்ராக்டர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் தென்காசியில் இருந்தார். அவரிடம் நான் டைப்பிஸ்டாக இருந்தேன்.

அவருடைய சொந்தப் பெயர் ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை. வாயைத் திறந்தாலே "சட்டப்படி பாத்தா" என்றுதான் தொடங்குவார். அதனால் சட்டப்படி அண்ணாச்சி. சுதந்திரம் வந்தபின் சர்க்கார் புதுப்புதுச் சட்டமாகப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. மற்ற கன்ட்ராக்டர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். இவர் மட்டும் புதுச் சட்டம் வந்த அன்று சவரம் செய்து, சலவை வேட்டி கட்டிக்கொண்டு ஆபீசுக்கு வருவார்.

கடை ஆட்களுக்கு வாரம் ஒருநாள் லீவு விட வேண்டும் என்று சட்டம் வந்தது. அண்ணாச்சி மணல் வண்டி மாடுகளுக்கும் லீவு விட்டார்.

"அண்ணாச்சி, மாட்டுக்குச் சட்டம் கெடையாதுல்லா?" என்றான் வண்டிக்காரன்.

"வேலை பாக்குதா இல்லியா? வேலை பாத்தா லீவு உண்டு. அவுத்து விடுலே."

தொழிலாளர் விதிகளை வேலை நடக்கும் இடத்தில், எல்லார் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும் என்றார்கள். அண்ணாச்சி குற்றாலத்து வேலையில் அந்தத் தாளை மரத்தில் தொங்கவிட்டார். எல்லாருக்கும் முன்னால் குரங்குகளின் கண்ணில்தான் பட்டது. கிழித்துக் கிழித்துப் பார்த்தன. இவர் சளைக்காமல் புதிது புதிதாகத் தொங்கவிட்டார். மேற்கு மலையில் தொழிலாளர் சட்டம் தெரிந்த குரங்குகள் உண்டென்றால் அதற்கு அண்ணாச்சிதான் காரணம்.

அடிக்கணக்குப் போய் மீட்டர் வந்தபோது இன்னும் வேடிக்கை. கொத்தனார் சுடலை யாரையோ கோபத்தில், "ஒரு அடி குடுத்தேன்னா தெரியும்லே" என்று அதட்டினார். அண்ணாச்சி ஆபீசுக்குள்ளிருந்து குரல் கொடுத்தார்.

"சுடலை, இனிமே அடி கெடையாது. முப்பது சென்டிமீட்டர் குடுப்பேன்னு சொல்லும்."

தமிழ் ஆட்சிமொழி ஆனதும் என் டைப்ரைட்டருக்கு உறை போட்டுவிட்டார். "சட்டமே தமிழ்ல எழுதலாம்ங்குது. நமக்கு இங்கிலீசு எதுக்கு? ஒனக்குக் கையெழுத்து நல்லா இருக்குல்லா, கையால எழுது." சம்பளம் மட்டும் டைப்பிஸ்ட் சம்பளமே கொடுத்தார். இந்தத் தமிழ்தான் பின்னால் வம்பில் கொண்டுபோய் விட்டது.

குற்றாலம் ஐந்தருவியில் பெண்கள் உடை மாற்ற ஒரு கட்டடம் கட்டும் வேலை எங்களுக்குக் கிடைத்திருந்தது. சீசனுக்கு முன் முடித்துக் கொடுக்க வேண்டும். அந்த வருஷம், சீசனைக் கொண்டுவருகிற சாரல் முந்திக்கொண்டது. பூசின பூச்சு காய மாட்டேன் என்றது. கெடு தாண்டினால் கன்ட்ராக்டர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அதன்பின் எந்த சர்க்கார் வேலையும் கிடைக்காது. சுடலை, சித்தாள் இசக்கியம்மா, நான், லீவு எடுக்கிற மாடுகள் எல்லாரும் தெருவில் நிற்க வேண்டியதுதான். தப்பிக்க ஒரே வழி, புது ஒப்பந்த விதியில் இருந்தது. மழையால் நின்ற நாட்கள் கெடுவில் சேராது.

நான் சந்தோஷமாக, "மழையின் காரணமாக" என்று மனு எழுதினேன். அண்ணாச்சி மழையை அடித்துவிட்டுச் சாரல் என்று திருத்தினார்.

"மழைன்னா ஓடி ஒதுங்குவோம். சாரல்னா வெளிய வந்து நிப்போம். ரெண்டும் ஒண்ணாலே?"

இங்கிலீஷாக இருந்திருந்தால் 'ரெயின்' என்று தட்டிவிட்டுப் போயிருப்பேன். தமிழில் சிக்கிக்கொண்டேன். மேலாபீசிலிருந்து பதில் வந்தது: சாரல் என்பது விதியில் இல்லை. நேரில் விசாரிக்க ஒரு இன்ஜினியர் வருகிறார்.

வந்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷர். ஐந்தருவியில் குடையை விரித்துக்கொண்டு நின்றார். அங்கே குடை பிடித்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

"நீங்க மழைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் எழுதிட்டுப் போயிடறேன்" என்றார்.

"அது பொய்யில்லா ஐயா. இந்தச் சாரலை நம்பித்தான் இங்கன வடைச்சட்டி முதக்கொண்டு அடுப்புல ஏறுது. அது வந்து என் வேலையக் கெடுத்துட்டுன்னு நான் எப்படி சர்க்காருக்குப் புகார் எழுதுவேன்?"

அவ்வளவுதான், முடிந்தது எங்கள் பிழைப்பு என்று நினைத்தேன். அப்போது சுடலை முன்னால் வந்தார்.

"மழைதான் ஐயா. பேய்மழை. சாரத்தோட என்னைத் தூக்கிட்டுப் போவப் பாத்துது."

"வே சுடலை, பொய் சொல்லாதேரும்" என்றார் அண்ணாச்சி.

இசக்கியம்மா விடவில்லை. "அண்ணாச்சி கெடக்காரு. ரெண்டு ஆடு அடிச்சிட்டுப் போச்சு ஐயா, என் கண்ணால பாத்தேன்."

"ஏட்டி, ஒனக்கு ஏது ஆடு?"

"பக்கத்து வீட்டு ஆடு அண்ணாச்சி."

வடைக்கடைக்காரர் கரண்டியோடு வந்து, எண்ணெய்ச் சட்டியே மிதந்தது என்றார். அருவியில் குளித்துக்கொண்டிருந்த வடகரை ஊர்க்காரர் ஒருவர், விஷயம் என்னவென்றே தெரியாமல், ஈரத் துண்டோடு ஓடிவந்து, "ஆமா, நல்ல மழை" என்றார். ஒவ்வொருவரையும் மறுத்து மறுத்து அண்ணாச்சிக்குத் தொண்டை கட்டிவிட்டது.

இன்ஜினியர் குடையை மடக்கினார். "சட்டப்படி விசாரணை முடிஞ்சுது. சாட்சி எல்லாம் மழைங்கறாங்க. நீங்க ஒருத்தர்தான் இல்லைங்கறீங்க. உங்க மறுப்பையும் எழுதிக்கறேன். ஆனா கெடுவைத் தள்ளிவச்சுத்தான் ஆகணும். சட்டம் அப்படி."

சட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் அண்ணாச்சி வாயை மூடிக்கொண்டார். இன்ஜினியருக்கு வடை வாங்கிக் கொடுத்து வழியனுப்பினோம்.

தென்காசிக்குத் திரும்பும்போது சாரல் விட்டு நல்ல வெயில். காசிமேஜர்புரம் தாண்டியதும் அண்ணாச்சி, "எனக்காவ எம்புட்டுப் பொய் சொல்லுதாவ, பாத்தியாலே" என்றார். துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, சாரல் கண்ணுல பட்டுட்டு" என்றார்.

எனக்குத் தெரிந்து அவர் சொன்ன ஒரே பொய் அதுதான். இன்றைக்கும் யாராவது வந்து விசாரித்தால், ஆமாம், அது சாரல்தான் என்று நான் சாட்சி சொல்வேன்.