உன் மாமாவின் பட்டியலில் எனக்குப் பதினைந்து நிமிடம்

அன்புள்ள தம்பி ஜெஸ்டனுக்கு, ஆம்பூரிலிருந்து அக்கா ஜெயபுஷ்பம் எழுதிக்கொள்வது. கர்த்தரின் கிருபையால் இங்கே இருவரும் சுகம். நீங்களும் ஓசூரில் அவ்வாறே இருக்க ஜெபிக்கிறேன். போனில் பேசினால் உன் மாமா பக்கத்தில் நின்று கேட்பார் என்பதால் இந்தக் கடிதம்.

ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் கட்டிங் பிரிவில் முப்பத்துநாலு வருஷம் நின்ற மனுஷன், ரிட்டையர் ஆனதும் சும்மா இருக்க முடியாமல் தவித்தார். வாஸ்தவம்தான். அதுக்காக அந்த வேலைப்பட்டியல் ஆப்பை ஏன்டா அவர் போனில் போட்டுக் கொடுத்தே? எல்லாத்தையும் எழுதி வைக்கணும், மணி அடிச்சதும் செய்யணும், ரெண்டு நிமிஷ வேலைன்னா உடனே முடிச்சிடணும்னு பாடம் வேற நடத்திட்டுப் போய்ட்டே. ஞாயித்துக்கிழமை போதகர் பிரசங்கம் பண்றப்ப மேஜை ஆடுதுன்னு இவரு எழுந்து போய், காகிதத்தை மடிச்சுக் கால்ல சொருகுறாரு. "ரெண்டு நிமிஷ வேலைதாங்க ஐயா, நீங்க பேசுங்க"ன்றாரு. பக்கத்து வீட்டு பில்கிஸ் அக்கா குழாய் ஒழுகுதுன்னு எப்பவோ சொன்னாங்க. சரி பண்ணி நாலு நாள் ஆச்சுன்னு சொல்லியும், பட்டியல்ல 'டிக்' போடணுமேன்னு கழட்டி மாட்டிட்டு வந்தாரு. இப்ப ஒழுகுது.

இதுகூடப் பரவால்ல. ஒருநாள் பட்டியலைப் பார்த்தா, 'கேஸ் புக் பண்ண', 'குடை ரிப்பேர்' ரெண்டுக்கும் நடுவுல 'புஷ்பத்திடம் பேச, மாலை 5, பதினைந்து நிமிடம்'! அஞ்சு மணிக்கு எதிர்ல நாற்காலி போட்டு உக்காந்து "சொல்லு"ன்றாரு.

"இன்னாத்தைச் சொல்றது?"

"எதையாவது சொல்லு, இன்னும் பதிமூணு நிமிஷம் இருக்குது."

நாலு நாள் வெயில், வெங்காயம்னு ஓட்டினேன். அஞ்சாம் நாள் பேச ஒண்ணுமில்லாம, யாருக்கும் சொல்லாததைச் சொல்லிட்டேன். மார்புல ஒரு கட்டி இருந்துச்சுடா, மூணு மாசமா. அவரு என் கையைப் புடிச்சிக்கிட்டாரு. நேரம் முடிஞ்சுதுன்னு போன் அடிச்சுது, அமுக்கினாரு. மறுபடி அடிச்சுது. ஏழெட்டு வாட்டி அடிச்சிருக்கும், கையை மட்டும் விடலை. மறுநாளே வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாரு. பயப்படாதே, வெறும் கொழுப்புக் கட்டின்னு ரிசல்ட் வந்துடுச்சு. அதைக் கேட்டு அங்கேயே உக்காந்து அழுதவரு அவருதான். நர்ஸம்மா எனக்குன்னு கொண்டாந்த தண்ணியை நான் அவருக்குக் குடுத்தேன்.

இருந்தாலும் பொண்டாட்டியைப் பட்டியல்ல போடறது பேஜாருடா. அடுத்த வாரமே வந்து அந்த ஆப்பை அழிச்சிட்டுப் போ.

ஜெனிஃபாவுக்கும் பிள்ளைங்களுக்கும் என் முத்தங்கள். ஆண்டவர் உங்க வீட்டைத் தம் கரத்துக்குள்ளேயே வைத்திருப்பாராக.

அன்பு அக்கா,
ஜெயபுஷ்பம்

பின்குறிப்பு: அழிக்க வேணாம். பதினஞ்சை முப்பதா மாத்தணும். நேத்து ரெண்டு பேரும் உக்காந்து பார்த்தோம், மாத்தத் தெரியலை. அதுக்கு மட்டும் வா.