காபிக்கடையில் நடந்துகொள்ளும் முறை

காபி கொதித்துக்கொண்டிருந்தது. வேதாசலத்துக்கு அதை எப்படிக் குடிப்பது என்றுதான் தெரியவில்லை.

உறிஞ்சக் கூடாது. ஆற்றக் கூடாது. வாயால் ஊதவும் கூடாது. காலையில் மானாம்பதியில் பஸ் ஏற்றிவிடும்போது மகள் கீர்த்தி போட்டு அனுப்பிய சட்டங்கள் இவை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு எதிரே புதிதாகத் திறந்த கடை. கண்ணாடிக் கதவெல்லாம் வைத்திருந்தார்கள்.

"அப்பா, அங்க போய் போன்ல கத்தாத. சைலண்ட்ல போட்டுக்கோ. குடிச்ச டம்ளர மேஜ மேலயே வுட்டுட்டு வராத. அவரு நமக்கு தெய்வம் மாதிரி. இன்னா ஆளுடா இதுன்னு நெனச்சிடப் போறாரு."

தெய்வம் என்றது கூரத்துக்காரர் சாமுவேலை. கீர்த்தி பஸ்ஸில் மறந்துவிட்டு வந்த சர்ட்டிபிகேட் ஃபைலைக் கண்டெடுத்து, அதிலிருந்த நம்பருக்குப் போன் செய்தவர். நாளைக்குச் செங்கல்பட்டில் நர்சிங் அட்மிஷனுக்குக் கடைசி நாள். பதினோரு மணிக்கு இந்தக் கடைக்கே கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருந்தார். கீர்த்தி அப்பாவின் நம்பரையும் கொடுத்திருந்தாள். முகம் தெரியாத ஒரு மனிதர் தன் பெண்ணுக்காக வேலையை விட்டுவிட்டு வருகிறார் என்று நினைத்தாலே வேதாசலத்துக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

நாக்கு வெந்தாலும் சத்தமில்லாமல் குடித்து முடித்தார். டம்ளரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். தொட்டி நிறைய எச்சில் டம்ளர்கள், கழுவ ஆளில்லை. போட்டுவிட்டு வருவது மரியாதையாகத் தோன்றவில்லை. சைலண்டில் போட்டிருந்த போன் நனையாமலிருக்க அதைத் தோள்பைக்குள் போட்டு ஆணியில் மாட்டிவிட்டு, தன் டம்ளரை மட்டும் கழுவினார்.

அடுப்பைப் பார்த்தபடியே எல்லோருக்கும் காபி நீட்டிக்கொண்டிருந்த மாஸ்டர், தண்ணீர்ச் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

"வந்துட்டீங்களாண்ணா? நல்லவேள. ஒரு நாலு டம்ளர் குடுங்க, ஆளுங்க நிக்கிறாங்க."

"நான் அந்த ஆளில்லீங்க" என்று சொல்ல வாயெடுத்தார். வியர்வை வழிய நின்ற அந்த முகத்தைப் பார்த்ததும் சொல்ல வரவில்லை. நாலு கழுவினார். நாலு நாற்பதாயிற்று.

முன்பக்கம் போய்விட்டால் தப்பிக்கலாம் என்று வெளியே வந்தார். அதுதான் தப்பாகப் போயிற்று.

"பெரியவரே, ரெண்டு காபி. ஒண்ணு சக்கர கம்மி" என்றார் ஒருவர்.

"இந்த மேஜய கொஞ்சம் தொடைங்க" என்றார் இன்னொருவர்.

முடியாது என்பது மரியாதையா? துடைத்தார்.

பதினொன்றரைக்கு, கையில் ஃபைலோடு ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். வேதாசலம் துணியைப் போட்டுவிட்டு ஓடி, ஈரக்கையால் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, நீங்க நல்லா இருக்கணும். எங்க வூட்டு வெளக்கே உங்க கையிலதான் கீது."

வந்தவர் உதறினார். "இன்னாய்யா இது பேஜாரு? பத்திரம் எழுதிக்கினு போறேன், நனைச்சிட்டியே."

கடையே திரும்பிப் பார்த்தது. வேதாசலம் கூனிக் குறுகிப்போனார். மாஸ்டர் அடுப்பை விட்டு வந்தார்.

"சார், அவரு நல்ல மனுஷன். ஏதோ டென்ஷன்ல கீறாரு. உக்காருங்க, சூடா காபி தரேன்." பத்திரத்தைத் தன் துண்டாலேயே ஒற்றிக் கொடுத்தார்.

கூட்டம் வடிந்ததும் ஒரு டபராவில் காபியைக் கொண்டுவந்து வேதாசலத்தின் முன் வைத்தார்.

"ஒண்ணும் பேசாதீங்கண்ணா. ஆத்திக் குடிங்க."

வேதாசலம் ஆற்றினார். சர்ரென்று உறிஞ்சினார். அன்று காலையிலிருந்து அப்போதுதான் உயிர் வந்தது. கண் கலங்கிவிட்டது.

"உங்கள மறக்க மாட்டேங்க."

"நீங்க வந்து கை குடுக்கலன்னா நான் இன்னா ஆயிருப்பேன்? நான்தான்ணா மறக்கக் கூடாது."

இருவரும் கண்ணாடிக் கதவு வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மாஸ்டர் நடுநடுவே போனைக் காதில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். பால் வரவில்லை போலிருக்கிறது என்று வேதாசலம் நினைத்துக்கொண்டார். இப்படி ஒரு முதலாளி கிடைத்தால் சம்பளமில்லாமலே வேலை பார்க்கலாம். ஆனால் அந்தச் சாமுவேல்? மணி பன்னிரண்டு ஆகப்போகிறது. கீர்த்தியிடம் என்ன சொல்வது?

வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து பால் கேனோடு இறங்கிய பெண் மூச்சு வாங்க உள்ளே வந்தாள்.

"அம்முலு, காபி ரெடியா?" என்றார் மூலையிலிருந்த ஒருவர்.

அவள் கேனைக் கீழே வைத்துவிட்டு மாஸ்டரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"மன்னிச்சிக்கங்க சார், ஆட்டோ வழியிலியே நின்னுபோச்சி. காபி குடிக்க வந்த உங்களப் போயி கடையப் பாத்துக்கச் சொல்லிட்டுப் போயிட்டேன். ஆமா, கூரத்துலேர்ந்து ஃபைலத் தூக்கிக்கினு வந்தீங்களே, அந்த மானாம்பதிக்காரரு இப்பவாச்சும் போன எடுத்தாரா?"