கொரகொர நானாவின் கயிறு

ரங்கூனிலேயே பயப்படத் தெரியாத மனிதர் கொரகொர நானா ஒருவர்தான். அவருக்கும் சேர்த்து நான் பயந்துகொண்டிருந்தேன்.

அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. கை வைத்த ரேடியோவெல்லாம் கொரகொரத்ததால் அந்தப் பெயர். போட்டாதாங்கில் ஒரு படகுக்காரரின் ரேடியோவைப் பழுது பார்த்துக் கொடுத்தார். பக்கத்து வீட்டில் மிக்சி ஓடினால் மட்டும் அது பாடியது. "அப்ப ஒரு மிக்சியும் வாங்கிக்கிடுங்க" என்றார் நானா. லத்தாவிலிருந்து ஒரு சீனத்து அம்மா கொண்டுவந்த மின்விசிறி, இவர் தொட்டபின் பின்பக்கமாகக் காற்றடித்தது. "திருப்பி வச்சிக்கம்மா" என்று அனுப்பிவிட்டார்.

நான் ஆறாவதோடு படிப்பை விட்டு, ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் படித்துறையில் மூட்டை தூக்க வந்தவன். நானா தன் நான்காம் மாடி அறையில் படுக்க இடம் கொடுத்தார். வெளியாள் தங்கினால் வார்டு ஆபீசில் பெயர் பதிய வேண்டும். "நாளைக்குப் பதிஞ்சிக்கலாம்டா" என்று சொல்லியே ஒரு மழைக்காலம் போயிற்று. படியில் செருப்புச் சத்தம் கேட்டால் பாயைச் சுருட்டிக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஒளிவேன்.

இந்த லட்சணத்தில்தான் அலோன் பக்கத்துப் பழைய சாமான் கடையிலிருந்து, கப்பலில் கழற்றிய உள்ளங்கை அகல சர்க்யூட் பலகை ஒன்றோடு வந்தார்.

"முழு கம்ப்யூட்டர்டா இது. டப்பாதான் இல்ல. பாட்ட இதுல ஏத்தி, எஃப்.எம்.ல விட்டா தெருவே தமிழ்ப் பாட்டு கேக்கும்."

"நானா, ஜெயில்ல போட்ருவாங்க."

"ஜெயில்லயும் ரேடியோ இருக்கும்ல?"

பலகையோடு தானே செய்த டிரான்ஸ்மிட்டரைச் சேர்த்தார். பேசுவதற்கு ஒரு மைக். ஏரியலுக்குத்தான் அவர் மூளை வேலை செய்தது. எங்கள் தெருவில் எல்லா மாடியிலிருந்தும் கயிறு தொங்கும். கீழ்நுனியில் கிளிப், மேலே மணி. காய்காரர் கிளிப்பில் பையை மாட்டி ஒரு இழு இழுத்தால் மேலே மணியடிக்கும், வீட்டுக்காரர் தூக்கிக்கொள்வார். நானா தன் கயிற்றோடு செம்புக் கம்பியைப் பின்னிவிட்டார்.

முதல் சோதனை ஒரு மத்தியானம். நான் கீழே டீக்கடை ரேடியோவில் கேட்க வேண்டும். கேட்டால் கயிற்றை இழுக்க வேண்டும். உட்கார்ந்து டீ சொன்னேன். வார்டுத் தலைவர் வந்து எதிரே உட்கார்ந்தார்.

ரேடியோ கொரகொரத்தது. "டேய் முத்து! கேக்குதா? கேட்டா கயித்த இழு!"

எப்படி இழுப்பது?

"என்ன பாஷை இது?" என்றார் தலைவர் பர்மியத்தில்.

"இந்தியா ஸ்டேஷன், ஊலே." பர்மியத்தில் பெரியவர்களை மாமா என்று அப்படித்தான் கூப்பிடுவோம். "மழைக்காற்றுக்கு இங்கே வரும். விவசாய நிகழ்ச்சி. மாட்டைக் கயிறு போட்டு இழுக்கச் சொல்கிறார்."

"இழுடா! செவிடா நீ? இன்னும் ஏத்துறேன் பாரு!"

"ஏன் இவ்வளவு கோபம்?"

"முரட்டு மாடு, ஊலே."

அந்த நேரம் பார்த்துத் தெருவில் கரண்ட் போயிற்று. கடையின் விசிறி நின்றது. நானாவின் குரலும் நின்றது. பேட்டரியில் ஓடிய ரேடியோ மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

தலைவர் விசிறியைப் பார்த்தார். ரேடியோவைப் பார்த்தார். பிறகு மேலே, நான்காம் மாடிக் கயிறு வெயிலில் மின்னுவதைப் பார்த்தார்.

"இந்தியாவிலும் கரண்ட் போய்விட்டதோ?"

"ஆமாம், ஊலே" என்றேன். வேறென்ன சொல்ல? நானாவை இழுத்துப் போவார்கள், பெயர் பதியாத என்னையும் கூடவே. மாற்றுச் சட்டை மேலே கொடியில் கிடப்பதுதான் நினைவுக்கு வந்தது.

"மீ லா பீ!" கரண்ட் வந்துவிட்டதென்று தெருவே கத்தியது. தண்ணீர் மோட்டார்கள் உறுமின. ரேடியோவில் நானாவின் குரல் சுருதி இறங்கி வந்தது.

"கேக்கலன்னா போவுது, முத்து. சோறு ஆறுது. மேல வா."

தலைவர் எழுந்து நேராகக் கயிற்றடிக்குப் போனார். ஒரு இழு இழுத்தார். மேலே மணியடித்தது.

"யா அல்லா! கேட்டுருச்சு!" என்று ரேடியோ அலறியது.

தலைவர் என் பக்கம் திரும்பி, வெகுநாள் பேசாத தமிழைத் தேடித்தேடிப் பேசினார். "எங்கம்மா தமிழு. சோறு ஆறுதாம், போ. அந்தக் கயித்த இன்னிக்கே அவுக்கச் சொல்லு. மாடியில மாடு கட்டக் கூடாது."

மேலே போனதும் நானா என்னைக் கட்டிக்கொண்டார். இழுத்தது யாரென்று சொன்ன பிறகும் நம்பவில்லை. கயிற்றை நானே அவிழ்த்தேன். பெயரை மறுநாளே பதிந்தேன்.

அதன்பின் எத்தனையோ ஊர் பார்த்தாயிற்று. எங்காவது ரேடியோ கொரகொரத்தால் ஸ்டேஷனை மாற்ற எனக்குக் கை வருவதில்லை. யாராவது சோற்றுக்குக் கூப்பிடுவார்கள் என்று கொஞ்ச நேரம் இருந்து பார்க்கிறேன்.