பதினாலு மாத்திரையும் ஆறு தக்காளிச் செடியும்

என் மரியாதைக்குரிய மூத்த மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். உங்கள் தங்கை நலமாகிக்கொண்டு வருகிறாள். நீங்கள் கொண்டுவந்து வைத்த ஆறு தக்காளிச் செடிகளில் நான்கு நலம், ஒன்று கவலைக்கிடம், இன்னொன்றைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன், மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். அங்கு நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் உங்கள் நாற்றுப் பண்ணையும் செழிப்பாக இருக்க வேண்டுகிறேன்.

இந்தக் கடிதம் உங்களுக்கு நன்றி சொல்வதற்காக. ஆனால் நன்றி சொல்லும் முன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். உங்கள் தங்கை குளியலறையில் வழுக்கி விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்ட நாலாவது மாதம், டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "எலும்பு நல்லா கூடிடுச்சு, இனிமே நடக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டார். அவளோ காலைத் தரையில் வைக்கவே மறுத்தாள். நான் கெஞ்சினால், "விழுந்தது நீங்களா நானா?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். இப்படியே படுத்திருந்தால் அப்புறம் நினைத்தாலும் நடக்க முடியாது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது, மச்சான். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன். நானோ பேச்சில் கெட்டிக்காரனல்ல. முப்பத்து நாலு வருடம் மருந்துக்கூடச் சன்னல் வழியாக "சாப்பாட்டுக்கு முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு" என்பதைத் தவிர வேறொன்றும் பேசியறியாத கம்பவுண்டர். அந்தச் சமயத்தில் நீங்கள் நோயாளியைப் பார்க்க வந்தவர், பழம் வாங்கி வராமல் ஆறு தொட்டியும் ஒரு மூட்டை எருவும் கொண்டுவந்து மாடியில் இறக்கிவிட்டுப் போனீர்கள். தலைவலி போய்த் திருகுவலி வந்ததே என்று அன்று உங்களை மனதுக்குள் திட்டினேன். மன்னிக்க வேண்டும்.

திட்டினாலும் பொறுப்பைத் தட்டிக்கழிக்கவில்லை. தொட்டிகளுக்கு ஒன்று முதல் ஆறு வரை எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தனிச் சீட்டு எழுதி, மருந்து அளக்கும் கண்ணாடிக் குவளையில் வேளைக்கு இருநூறு மில்லி வீதம் மூன்று வேளை தண்ணீர் கொடுத்து, நோட்டில் குறித்து வந்தேன். நான் குவளையோடு மாடிப்படி ஏறுவதை நாலு நாள் கட்டிலிலிருந்தே பார்த்த உங்கள் தங்கை, ஐந்தாம் நாள் வாயைத் திறந்தாள்.

"செடிக்குத் தண்ணி ஊத்துறீங்களா, இருமல் மருந்து குடுக்கிறீங்களா?"

இரண்டு வாரமாக "ம்", "ம்ஹும்" தவிர எதுவும் சொல்லாதவள்! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்றிலிருந்து வேளைக்கு ஒரு முறை கட்டில் அருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து செடிகளின் நிலவரத்தைச் சொல்வது என் வேலையாயிற்று. மூன்றாம் நம்பருக்கு அடியிலை மஞ்சளாகிறது என்றால், கிள்ளிப் போடச் சொல்வாள். பூ உதிர்கிறது என்றால், "காலையில பூக்கொத்த விரலால மெதுவா சுண்டி விடுங்க, காய் பிடிக்கும்" என்பாள். நான் ஒவ்வொரு பூவாகச் சுண்டிக்கொண்டிருந்தபோது எதிர்மாடியில் துணி காயப்போட வந்த தையல்காரர் பார்த்துவிட்டு, "என்ன சார், ரிட்டயர் ஆனப்புறமும் நாடி பார்க்கிறத விடலையா?" என்றார். சிரித்துக்கொண்டேன், வேறென்ன செய்ய? இலைக்கும் தண்டுக்கும் இடுக்கில் முளைக்கும் பக்கத் துளிரைக் கிள்ளச் சொன்னாள். எது பக்கம், எது தலை என்று தெரியாமல் ஐந்தாம் நம்பரின் தலையையே கிள்ளி, மேலும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் மிச்சத்தையும் கிள்ளிவிட்டேன். அது இப்போது ஒரு குச்சி. பின்னால் எழுதுகிறேன் என்றது இதைத்தான்.

பிறகு காய் பிடித்தது. பிடித்த வேகத்தில் இரண்டாம் நம்பரின் காய்களெல்லாம் அடிப்பக்கம் கறுத்து அழுகத் தொடங்கின. இதற்கு அவளைக் கேட்பானேன், நானே மருத்துவத்துறைதானே என்று ஒரு புத்தகத்தைப் புரட்டினேன். கால்சியம் குறைவு என்று போட்டிருந்தது. வீட்டிலேயே கால்சியம் இருந்தது, உங்கள் தங்கையின் எலும்புக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை. பதினான்கை உரலில் போட்டு இடித்துக் கரைத்து இரண்டாம் நம்பருக்கு ஊற்றினேன். கவலைக்கிடம் என்றது அதைத்தான்.

மறுநாள் காலை நான் மாடியில் இருக்கும்போது அவள் மாத்திரைப் பெட்டியைத் திறந்திருக்கிறாள். "என் மாத்திரை எங்க?" என்று கீழேயிருந்து சத்தம். பொய் சொல்லத் தெரியாததால் "தக்காளிக்குக் குடுத்துட்டேன்" என்றேன். அடுத்த சத்தம் மாடிப்படியின் அடியிலிருந்து வந்தது.

"அறிவிருக்கா உங்களுக்கு? கால்சியம் மண்ணுலயே இருக்கு! வெயிலோ மழையோ குவளையில அளந்து ஒரே அளவு ஊத்தினா ஒரு நாள் குளம், ஒரு நாள் வறட்சி, அப்புறம் அது எப்படி வேருல ஏறும்? மண்ணத் தொட்டுப் பார்த்து ஊத்துங்கன்னு எத்தனை தடவ சொல்றது!"

எட்டிப் பார்த்தேன். மச்சான், உங்கள் தங்கை நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் ஊன்றுகோல், இன்னொரு கையில் காலி மாத்திரைப் பெட்டி. கட்டிலிலிருந்து படியடிக்குப் பதினோரு அடி, பிற்பாடு அளந்து பார்த்தேன். அவள் திட்டிக்கொண்டேயிருந்தாள், நான் மேல்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டேயிருந்தேன். கல்யாணமான முப்பத்தாறு வருடத்தில் அவ்வளவு இனிமையாக என்னை யாரும் திட்டியதில்லை.

அன்றிலிருந்து தினமும் அந்தப் பதினோரு அடி நடக்கிறாள். அதற்கு மேல் இல்லை. படி ஏறிவிட்டால் கவலையே இல்லை என்கிறார் டாக்டர். அந்த நாளையும் கடவுள் காட்டுவார். மற்ற நாலு செடிகளும் தேறிவிட்டன. உங்கள் எருவின் மகிமையே மகிமை! மாலையில் மண்ணைத் தொட்டால், நான் ஊற்றாமலே ஈரமாக இருக்கிறது. முதல் பழத்தைப் பறித்து, மருந்துத் தராசில் நிறுத்து, அறுபத்திரண்டு கிராம் என்று எழுதி, உங்கள் பார்வைக்காகச் சன்னலில் வைத்திருக்கிறேன். நேற்று மறுபடி நிறுத்தேன், தொண்ணூறு. பறித்த பிறகும் பருக்கிற பழத்தை நான் கேள்விப்பட்டதில்லை. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போகிறது. எல்லாம் உங்கள் கைராசி. இந்தக் குடும்பம் உங்களை மறக்காது.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். என் கையெழுத்து மருந்துச் சீட்டு போல இருப்பதால், உறை மேல் விலாசம் எழுத உங்கள் தங்கையிடம் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
என்றும் நன்றியுள்ள,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: அண்ணா, இது நான். விலாசம் எழுதக் கொடுத்ததைப் படித்துவிட்டேன். அவர் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார். மண் ஈரமாக இருப்பதற்கு உங்கள் எரு காரணமில்லை. தினமும் இந்த நேரத்தில் நான்தான் மாடியேறித் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறேன். இருபது நாளாகிறது. பதினெட்டுப் படி, இப்போது ஊன்றுகோல்கூட வேண்டியதில்லை. அந்த முதல் பழத்தை உப்புத் தொட்டு நானே தின்றுவிட்டேன், சன்னலில் இருப்பது வாசலுக்கு வந்த காய்கறி வண்டியில் வாங்கியது. அவரிடம் சொல்லிவிடாதீர்கள். கல்யாணமானதிலிருந்து இந்த மனிதர் என்னிடம் மொத்தமாகப் பேசியதைவிட, இந்த மூன்று மாதத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசியது அதிகம். நான் நடக்கிறேன் என்று தெரிந்தால் நாற்காலி பழைய இடத்துக்குப் போய்விடும். என்றைக்காவது சொல்லத்தான் போகிறேன், ஆனால் இப்போது இல்லை. தக்காளி ஓய்வதற்குள், நிறைய நோய் வருகிற செடியாகப் பார்த்து இன்னும் நாலு அனுப்பி வையுங்கள்.