கிளட்ச் அண்ணாச்சியின் விமானப் பெடல்

தென்காசியில் விமான நிலையம் கிடையாது. இருந்தாலும் தென்காசிக்காரர்களிலேயே அதிக விமான விபத்துகளைச் சந்தித்தவர், ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் எழுந்துபோய் ஒரு தம்ளர் காப்பி குடித்துவிட்டு வந்து மறுபடியும் விமானம் ஏறியவர், எங்கள் தெருவில்தான் இருக்கிறார். ஊருக்கு அவர் கிளட்ச் அண்ணாச்சி. ரேஷன் கார்டில் வேறு பெயர் இருக்கலாம், நான் பார்த்ததில்லை.

இலஞ்சி வழியாகக் குற்றாலம் போகும் மினி பஸ்ஸுக்கு அவர் டிரைவர். வருஷக்கணக்காக அதே ரோடு, அதே வளைவு, அதே வேகத்தடை. அதில் அவருடைய இடது கால் யாரையும் கேட்காமல் கிளட்ச் மிதிக்கப் பழகிவிட்டது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருப்பார். சாம்பார் வாளிக்காரர் வேகமாக நெருங்கினால் மேஜைக்கடியில் கால் அமுங்கும். சலூனில் கத்தி காதுப் பக்கம் வந்தாலும் அமுங்கும். பட்டப்பெயரை வைத்தது கண்டக்டர். அண்ணாச்சி கோபித்துக்கொள்ளவில்லை, பிரேக் அண்ணாச்சி என்று வைக்காமல் ஏன் கிளட்ச் என்று வைத்தான் என்றுதான் ரொம்ப நாள் விசாரித்துக்கொண்டிருந்தார்.

அது அவர் சுபாவம். எதையும் ஏன் என்று கேட்காமல் விடமாட்டார். மருமகன் வெளிநாடு போகும்போது தன்னுடைய கம்ப்யூட்டரையும், அதிலிருந்த விமானம் ஓட்டும் விளையாட்டையும், கையால் பிடித்து ஓட்டும் ஒரு ஜாய்ஸ்டிக்கையும் மாமனார் வீட்டில் போட்டுவிட்டுப் போனார். போட்டது தப்பு. ஒரே வாரத்தில் அண்ணாச்சி வானத்தில் இருந்தார். விளையாட்டில் காற்று எந்தப் பக்கம் அடிக்க வேண்டும் என்று நாமே குறிக்கலாம். அண்ணாச்சி மனம்போனபடி குறிக்கமாட்டார். மொட்டை மாடிக்குப் போய், கொடியில் அவர் மனைவி, எங்கள் மதினியின் சேலை எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து குறிப்பார். செங்கோட்டைக் கணவாய்க் காற்று சேலையைக் கிழக்கே இழுத்தால், விமானத்துக்கும் மேற்கிலிருந்து அடிக்கும் மேல்காற்றுதான். பிறகு வடக்கு தெற்காகக் கிடக்கும் ஒரு ஓடுதளத்தைத் தேடிப்பிடித்து, குறுக்குக் காற்றில் இறக்கப் பார்ப்பார். அங்கேதான் விபத்துகள்.

எனக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. ஒரு நாள் காலையில் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விமானத்தின் வாலில் ஒரு தகடு உண்டு, ரட்டர் என்று பெயர், மூக்கை இடம் வலம் திருப்புவது அதுதான் என்று எனக்குப் பாடம் எடுத்தார். நிஜ விமானத்தில் அதைக் காலால் மிதிப்பார்களாம். மருமகன் விட்டுப்போன ஜாய்ஸ்டிக்கிலோ கைப்பிடியைத் திருக வேண்டும். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

“கை செய்யுத வேலையைக் கை செய்யணும், காலு செய்யுததைக் காலு செய்யணும். எல்லாத்தையும் கையே செஞ்சா காலு எதுக்குத் தம்பி சும்மா தொங்குது?”

சரி, காலால் மிதிக்கிற பெடல் வாங்கித் தருகிறேன் என்றேன். அதோடு எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. கடையில் வேறு யாரும் இல்லை என்று திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

அவருக்குச் சர்க்கரை வந்து சில வருஷமாகிறது. வலது பாதம் அவ்வப்போது மரத்துப் போகிறது. டாக்டர் கண்ணை மூடச் சொல்லி, நைலான் நரம்பு மாதிரி ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, தெரியுதா தெரியுதா என்று கேட்டிருக்கிறார். பல இடத்தில் தெரியவில்லை. பஸ் ஓட்டுவதை நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அண்ணாச்சி முதலாளியிடம் லீவு சொல்லிவிட்டார். டாக்டரை மட்டும் அவரால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

“நூலு தெரியலைன்னா பிரேக்கும் தெரியாதுன்னு அவருக்கு யாரு சொன்னா? அவரு என்ன, பெடலைக் குடுத்தா பாத்தாரு?”

இன்னும் ஒரு மாதத்தில் குற்றாலத்தில் சாரல் சீசன். மினி பஸ்ஸில் ஈரத்துண்டும் எண்ணெய்த் தலையுமாகப் பிதுங்கப் பிதுங்க ஏறுவார்கள். அதற்குள் தன் கால் தன் பேச்சைக் கேட்கிறதா இல்லையா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். பஸ்ஸை வைத்துச் சோதிக்க அவர் தயாரில்லை. விமானம் விழுந்தால் யாருக்கும் காயமில்லை. மதினியிடம் விளையாட்டுக்கு என்று மட்டும் சொல்லிக்கொள்ளலாம் என்றார். பாவமாக இருந்தது, சரி என்றேன்.

ஆனால் பெடல் தேர்ந்தெடுக்கிற வேலை தொடங்கியதும் அந்தப் பரிவெல்லாம் போன இடம் தெரியவில்லை. அவ்வளவு படுத்தினார். எங்கள் பக்கம் எந்தக் கடையிலும் அந்தச் சாமான் கிடையாது, இணையத்தில்தான் வாங்க வேண்டும். “மிதிச்சுப் பாக்காம எப்படித் தம்பி வாங்க?” என்பது அவர் கேள்வி. பஸ் ஓட்டும்போது செருப்பைக் கழற்றி சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு வெறுங்காலால் மிதிக்கிறவர் அவர். பெடலைப் படத்தில் பார்த்து வாங்குவது அவருக்குப் பழத்தைப் படத்தில் முகர்ந்து வாங்குவது போல. பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம் என்று விளக்கினேன். அதை விளக்கியிருக்கக் கூடாது.

முதலில் வந்தது பிளாஸ்டிக். கைக்கு லேசாக இருந்தது. இரண்டு பெடலும் ஒட்டி ஒட்டி இருந்தன. உட்கார்ந்து பார்த்துவிட்டு, “இது வண்டி ஓட்டவா, கல்யாண போட்டோவுக்கு நிக்கவா?” என்றார். மிதித்தார். மொசைக் தரையில் பெடல் வழுக்கிக்கொண்டு சுவருக்குப் போய்விட்டது. அண்ணாச்சி அசரவில்லை. மேட்டில் நிறுத்தும்போது டயருக்கு அண்டை கொடுக்கும் கட்டையை எடுத்து வந்து பெடலுக்குப் பின்னால் வைத்தார். மறுபடி மிதித்தார். இப்போது பெடல் நின்றது, உருளை வைத்த நாற்காலி கிளம்பிவிட்டது. அண்ணாச்சி பின்பக்கமாகவே பயணம் செய்து பீரோவில் போய் இடித்து நின்றார். நாற்காலிக்கு இன்னொரு கட்டை வந்தது. எல்லாம் நின்ற பிறகு, ஸ்பிரிங் நடுவில் தட்டுகிறது, மெதுவாக மிதித்தால் ஒன்றுமில்லை, கொஞ்சம் கூட்டினால் குதிக்கிறது என்று திருப்பி அனுப்பினார்.

இரண்டாவது இரும்பு. கால் அகலமாக வைக்கலாம், ஸ்பிரிங்கும் சீராக இருந்தது. எனக்கு நிம்மதி. அண்ணாச்சி குனிந்து எல்லாப் பக்கமும் பார்த்துவிட்டுப் பிரேக் எங்கே என்றார். விமானத்தில் பெடலின் மேல் பாதியை விரலால் அமுக்கினால் சக்கரத்துக்குப் பிரேக் பிடிக்கும். இதில் அது இல்லை, ரட்டர் மட்டும்தான். பிரேக் இல்லாத வண்டியில் ஏறமாட்டேன் என்று அதில் ஒரு தடவைகூடப் பறக்காமல் அன்றைக்கே திருப்பி அனுப்பக் கட்டிவிட்டார்.

மூன்றாவதைத் தூக்கிக்கொண்டு வர கூரியர்க்காரருக்கு மூச்சு வாங்கியது. அகலம் இருந்தது, கனம் இருந்தது, இரண்டு பெடலுக்கும் தனித்தனிப் பிரேக் இருந்தது. ஒன்றை முன்னே தள்ளினால் மற்றது பின்னே வந்தது. அதைப் பார்த்து வெகுநேரம் மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டிருந்தார். “ஒருத்தர் முன்னால போனா ஒருத்தர் பின்னால போணும்னு கட்டி வச்சிருக்கான். குடும்பஸ்தன்தான் இதைச் செஞ்சிருக்கணும்” என்றார்.

பறந்தார். இறங்கும் வரை நன்றாகத்தான் போனது. தரை கிட்டே வந்ததும் இடது கால் வழக்கம்போலக் கிளட்ச் மிதித்தது. விமானம் இடது பக்கம் திரும்பியது. பதறி வலது காலால் பிரேக் மிதித்தார். அது வலது பக்கம் திரும்பியது. ஓடுதளத்தில் நெளிந்து நெளிந்து போய்ப் புல்லில் மூக்கைக் குத்தியது. காப்பி கொண்டுவந்த மதினி திரையைப் பார்த்துவிட்டு, “நீங்க வாங்குனது விமானமா, பாம்பா?” என்று கேட்டு தம்ளரை வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் பெடலைச் சரிபார்க்கும் பக்கத்தைத் திரையில் திறந்து கொடுத்தேன். எந்தப் பிரேக்கை எவ்வளவு அமுக்குகிறோமோ அவ்வளவுக்கு அதற்கான கோடு உயரும், விட்டால் அடியில் வந்துவிடும். இடது காலை அமுக்கினார், கோடு ஏறியது. விட்டார், இறங்கியது. வலது காலை அமுக்கினார், ஏறியது. எடுத்துவிட்டேன் என்றார். கோடு கால்வாசி உயரத்தில் நின்றுகொண்டிருந்தது.

பெடல் கோளாறு என்றார். என்னை மிதிக்கச் சொன்னார், கோடு ஒழுங்காக இறங்கியது. மதினியைக் கூப்பிட்டு மிதிக்கச் சொன்னார், அவருக்கும் இறங்கியது. அப்புறம் அவர் செய்ததில்தான் அவர் குணம் தெரிந்தது. கோபப்படவில்லை, கம்ப்யூட்டரை அணைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, “நான் எடுத்துட்டேங்கும்போது கோடு எங்கன நிக்குதுன்னு சொல்லு தம்பி” என்றார். எந்தத் தடவை இறங்கியது, எந்தத் தடவை நின்றது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் ஏதோ அடுத்த வீட்டுக்காரர் காலை ஆராய்கிற மாதிரி, குதிகாலை மாற்றி வைத்தால் என்ன, விரலை மடக்கினால் என்ன என்று பார்த்துக்கொண்டே இருந்தார். எப்படி வைத்தாலும் இரண்டு தடவைக்கு ஒரு தடவை கோடு மேலேயே நின்றது.

கண்ணைத் திறந்தார். “நான் எடுத்துட்டேன்னுதான் நெனைக்கேன். காலு எடுக்கலை” என்றார். பக்கத்திலேயே நின்ற மதினிக்கு இது விளையாட்டில்லை என்று அப்போது புரிந்துவிட்டது. அண்ணாச்சியின் தோளில் கையை வைத்தார்.

மறுநாள் முதலாளி வீட்டுக்குத் துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சீசனுக்கு வேறு டிரைவர் கிடைக்காது, இந்த இரண்டு மாதம் மட்டும் சமாளியுங்கள் என்று முதலாளி கெஞ்சினார். டாக்டர் அப்படித்தான் பயமுறுத்துவார் என்றும் சொன்னார்.

“டாக்டரு சொன்னதை நானும் நம்பலை மொதலாளி. காலு சொல்லிட்டுது. அதுக்கப்புறம் சாவியை எப்படித் தொட?”

இதுவரை தன்னிடமே இருந்த பஸ் சாவியை மேஜையில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். இலஞ்சி ரோட்டில் நடந்து திரும்பினோம். அவர் தென்னந்தோப்பில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தார். அந்த மினி பஸ்ஸில் எத்தனையோ நாள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கியபடி குற்றாலம் போய் வந்திருக்கிறேன். இவ்வளவு அக்கறையான ஒரு மனிதர் என்னைக் கொண்டுபோய்க் கொண்டுவந்து விட்டிருக்கிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். அண்ணாச்சி ஓட்டும் விமானத்துக்கு நான் ஒருவன்தான் பயணி. அது எங்கே போய் விழுந்தாலும் எனக்குச் சம்மதம்.